எல்லா ஆட்டுக்கும் ஒரு மூடி

கால்நடை மருத்துவர்கள் ஊசி போடுவதைவிட அதிகமாகச் செய்யும் வேலை, யாரும் கேட்காத விளக்கம் சொல்வது. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று யாருக்காவது விளக்கப் பார்த்துத் தொண்டை வறண்டவர்கள் மேலே படிக்கலாம், நம் கூட்டம்தான்.

தொங்கிய வால்

மாதம்மாள் பட்டியில் செம்மறியும் வெள்ளாடும் கலந்து முப்பது உருப்படி. ஒருநாள் வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைத் தூக்கிவந்து, இதற்கு அப்பன் செம்மறிக் கிடாதான் என்றார். வால் செம்மறிக்குப் போலத் தொங்குகிறதாம். இரண்டும் வேறு இனம், சேர்ந்தாலும் கரு தங்குவது அபூர்வம், பிறக்கும் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டால்தான் ஒரே இனம் என்போம் என்றேன். குட்டிக்கு வயிற்றுப்போக்கு, சோர்வில் வால் தொங்கியிருந்தது. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். கொடுத்தாயிற்று என்றார். அதோடு விட்டேன். அவர் விடவில்லை.

“ஒரே பட்டியில படுக்குது, ஒரே தண்ணி குடிக்குது. அப்புறம் எப்படிங்க டாக்டரம்மா வேற வேறயாவும்?”

வெட்டுக் காது

எங்கள் உதவியாளர் முனிரத்தினம், வேலியில் முன்னங்கால் வைத்து எக்கித் தழை தின்னும் மாதம்மாளின் ஆடுகளைப் பார்த்து, இப்படியே எக்கினால் பேரக்குட்டிகளுக்குக் கழுத்து நீண்டுவிடும் என்றார். பள்ளிக்கூடத்தில் படித்தாராம். எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள், மாதம்மாள் ஒரு கிடாவின் காதைப் பிடித்துக் காட்டினார். மாமனார் காலத்திலிருந்து அவர்கள் ஆடு எல்லாவற்றுக்கும் அடையாளமாக இடது காதில் ஒரு வெட்டு உண்டு.

“இன்னும் முழுக் காதோடதானே பொறக்குது, முனி? வெட்டோட பொறந்தா எனக்கு ஒரு வேலை மிச்சமாயிருக்குமே!”

ஒரு மூடி

அவர் பதிலில் எனக்கு வந்த சந்தோஷம் ஒரு மாதம் தாங்கவில்லை. தொங்கிய வால் குட்டியும் இன்னொன்றும் செத்துப்போயின. போய்ப் பார்த்தபோது செவலைத் தாயாட்டுக்கும் தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தது, குடற்புழு ரத்தத்தை உறிஞ்சும்போது வரும் வீக்கம். புழு மருந்து வருடக்கணக்காக அதே மருந்துதானாம், அளவு பாட்டில் மூடிதானாம். கிடாவுக்கும் ஒரு மூடி, குட்டிக்கும் ஒரு மூடி. பாரபட்சம் கூடாதாம்.

ஆட்டு உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்றார் முனிரத்தினம். உடம்பும் பழகவில்லை, புழுவும் கற்றுக்கொள்ளவில்லை என்றேன். பெரிய ஆட்டுக்குப் போதாத மருந்தில் பெரும்பாலான புழுக்கள் செத்தன. பிறவியிலேயே தாங்கக்கூடிய சில மட்டும் பிழைத்துப் பெருகின. மேய்ச்சல் நிலம் வழியாகக் குட்டிகளுக்குப் போனவை அவற்றின் வாரிசுகள். மாதம்மாள் காலிப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அப்ப சாவற புழுவைச் சாவடிச்சுட்டு, சாவாததுக்கு நானே வூடு கட்டிக் குடுத்திருக்கேனுங்க.”

தராசு

அவர் சொன்னதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. வேறு மருந்து கொடுத்து, எடைக்கேற்ற அளவை எழுதி, மருந்தகத்தின் தொங்குதராசையும் கையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பித்தர வந்தார். செவலைக்குத் தாடை வற்றிவிட்டது, வேறெதுவும் சாகவில்லை. எழுதிய அளவுப்படிதானே கொடுத்தீர்கள் என்றேன். தராசை மேசையில் வைத்தார்.

“எடை போட்டுத்தானுங்க ஊத்துனேன். ஆனா கிடாவுக்கு அவ்வளவு ஊத்தறப்ப குட்டிங்க மூஞ்சியைப் பாக்க முடியல. கிடாவுதுல கொஞ்சம் கொறைச்சு அதுங்களுக்குக் குடுத்துட்டேன்.”

புழுக்களுக்கு அவசரமும் இல்லை, ஓய்வுபெறும் வயதும் இல்லை. எனக்கு இரண்டும் இருக்கின்றன.