எல்லம்மாவிடம் கேட்காத கேள்வி

எல்லம்மாவை எனக்குப் பன்னிரண்டு வருடங்களாகத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆம்பூருக்கு வெளியே நான்கு கிராமங்களுக்கு நான்தான் நர்ஸ். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்த மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

அவளுக்குப் பச்சைத்தோல் குடோனில் வேலை. ஆட்டுத்தோல்கள் உப்புப் போட்டு அடுக்கி வரும். அந்த உப்பை உதறிப் பிரித்துப் போட வேண்டும். உப்பு விரலை அறுக்கும், நாற்றம் முடியில் ஏறிக்கொள்ளும். ஷூ கம்பெனிப் பெண்கள் போகிற வேனில்தான் அவளும் போவாள். அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவர்களுக்கும் தோல்தான் சோறு போடுகிறது. ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒரே மகள் ஜாஸ்மின். இப்போது பதினோரு வயது. பிறந்தபோது ஒன்றேமுக்கால் கிலோ. நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்று அவளிடம் இருக்காது. கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று மறந்துபோய்ப் பாதி வழியில் அழுதுகொண்டு நிற்பாள். அடுத்த பிள்ளையின் பென்சிலை எடுத்துக்கொள்வாள். ஏன் எடுத்தாய் என்றால் நடக்காத ஒரு கதையைச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் திருடி, பொய்க்காரி என்று அடித்தார்கள். தெருவில் யாரும் தங்கள் பிள்ளைகளை அவளோடு சேர விடவில்லை.

காரணத்தை ஊரே கண்டுபிடித்துவிட்டது. அப்பன் தேவசகாயத்தின் குடிதான் பிள்ளையைக் கெடுத்தது என்றார்கள். சபையில் பெண்களின் ஜெபக்கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்கள். எல்லம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவன் குடியை நிறுத்தினான், பேச்சு நிற்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கவே கூசிப்போய், நான்கு வருடத்துக்கு முன் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அது இந்த வீட்டுக்குத்தான் பொருந்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒருநாள் ஜாஸ்மின் கை வீங்கி வந்தாள். வாத்தியாரின் பிரம்பு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தாயையும் மகளையும் இழுத்துக்கொண்டு வேலூரில் குழந்தைகள் டாக்டர் ஜஹீருன்னிசாவிடம் போனேன். அவர் பிள்ளையின் தலையை அளந்தார். கண்களையும் மேலுதட்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜாஸ்மினை வெளியே பொம்மைகளிடம் அனுப்பிவிட்டுக் கேட்டார்.

"வயித்துல இருந்தப்ப அம்மா குடிச்சாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க பொம்பளைங்க அப்படிப்பட்டவங்க இல்ல டாக்டர்" என்று பழைய கர்ப்ப கால அட்டையை எடுத்து நீட்டினேன். மதுப் பழக்கம் என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது. என் கையெழுத்து.

"நீங்க இவங்களைக் கேட்டீங்களா, சிஸ்டர்?"

கேட்கவில்லை. யாரையுமே கேட்டதில்லை. புருஷன் குடிக்கிறானா என்று கேட்பேன். குடும்பப் பெண்ணைப் பார்த்து நீ குடிக்கிறாயா என்று கேட்டால் செருப்பால் அடித்த மாதிரி. அதனால் அட்டையை வாங்கியதும் 'இல்லை' என்று நானே எழுதிவிடுவேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். இத்தனை வருடம் நோகாமல் நோன்பு கும்பிட்டிருக்கிறேன்.

டாக்டர் எல்லம்மா பக்கம் திரும்பினார். "முகத்தைப் பார்த்தா பாதிதான் தெரியுதும்மா. வேற காரணத்தாலயும் இப்படி இருக்கலாம். மீதிய நீங்கதான் சொல்லணும்."

எல்லம்மா என்னைத்தான் பார்த்தாள். "சொன்னா இவ சரியாய்டுவாளா நர்சம்மா?"

டாக்டர்தான் சொன்னார். "முழுசா சரியாவாது. ஆனா எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு தெரியும். அடி நிக்கும்."

அடி நிற்கும் என்றதும் அவள் பேசத் தொடங்கினாள்.

"குடோன்ல இருந்து வந்தா ஒடம்பு முறிஞ்சி போயிருக்கும். அந்த நாத்தத்துல சோறு எறங்காது. கூட வேலை செய்றவங்க கிளாஸ்ல ஊத்திக் குடுப்பாங்க. தெனமும் குடிச்சேன். புள்ள பெத்தவளுக்கு பச்ச ஒடம்புன்னு பிராந்தி குடுக்குறாங்களே, உள்ள இருக்கிற புள்ளைக்கும் தெம்புதான்னு நெனச்சேன். யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வேணாம்னு சொல்லியிருந்தா விட்டும் இருப்பேன்."

என்னைக் குற்றம் சொல்ல அவள் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் சில சோதனைகளுக்குப் பிறகு டாக்டர் முடிவைச் சொன்னார். கருவிலேயே மது மூளையைப் பாதித்திருக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை, மறந்துபோன இடத்தைக் கையில் கிடைத்ததை வைத்து நிரப்புகிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், படம் வரைந்து காட்ட வேண்டும், முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். தலைமையாசிரியர் முணுமுணுத்தார். நான் போட்ட சத்தத்தில் அதுவும் அடங்கியது. அடி நின்றது.

எல்லம்மா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ராணிப்பேட்டைக்குப் போன் போட்டுப் புருஷனிடம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு "வெச்சிடுறேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் எடுப்பதில்லை. ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "அவர் மேல தப்பில்ல, நான்தான் குடிச்சேன்" என்றாள். தேவசகாயத்துக்காக வருடக்கணக்கில் உருகி ஜெபித்தவர்களுக்கு இவளுக்காக ஒரு வரி வரவில்லை. இப்போது அவள் வீட்டுக்கு யாரும் போவதில்லை.

நான் இப்போதெல்லாம் கர்ப்பிணிகளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறேன். உண்டு என்று சிலர் மெதுவாகச் சொல்லத்தான் செய்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை கூட்டம் வைத்தேன். ஆறு பேருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தது எல்லம்மா மட்டும்தான். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அன்றுதான் அவள் சொன்னாள். மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஜாஸ்மின் அவள் கன்னத்தைத் தடவி, "பரவால்ல விடும்மா" என்றாளாம். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்றாள்.

"நாலு நாள் கழிச்சி, எனக்கு மட்டும் ஏம்மா எல்லாம் மறந்து போவுதுன்னு கேக்குறா நர்சம்மா. நான் சொன்னதையும் மறந்துட்டா. மறுபடியும் மொதல்ல இருந்து சொன்னேன். மறுபடியும் பரவால்லன்னா. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டா."

"சின்னப் பொண்ணுதானேடி. கடவுள் அப்படிப் படைச்சிட்டாருன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன்.

"திரும்பவும் இன்னொருத்தர் மேல பழிய போடச் சொல்றீங்களா?" என்றாள்.

நேற்றும் கேட்டாளா என்றேன். கேட்டாளாம். நேற்றும் சொன்னாளாம்.