ஆதம்பாக்கம் வரை பறந்த அட்சதை

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை. அது உங்கள் துரதிர்ஷ்டம்.

என் வலது தோளில் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிட்டதாம். பல மாதமாக எனக்குத் தலை வாரிவிடுவதே மனைவிதான்.

"விரல்களைச் சுவரில் மெல்ல நடக்கவிட்டு மேலே ஏத்துங்க சார். அவசரப்படாதீங்க, ஆனா விட்டுடாதீங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். அன்றிலிருந்து எங்கள் மயிலாப்பூர் ஹாலில் தினமும் இமயமலை ஏறுகிறேன்.

இன்று காலை வடபழனியில் தங்கை மகள் கல்யாணம். போன கல்யாணத்தில் கை எழும்பாமல், நான் போட்ட அட்சதை முன்வரிசை வழுக்கை ஒன்றில் விழுந்தது.

"இன்னிக்காவது பொண்ணு மேல போடுங்கோ. முன்னாடி உக்காந்திருக்கறவாளுக்கெல்லாம் ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுத்து" என்றாள் மனைவி.

கெட்டிமேளம்! வீசினேன்.

அட்சதை மேடையைத் தாண்டி, பஸ் டிப்போவைத் தாண்டி, ஆதம்பாக்கத்து மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தம்பதிக்கு இரண்டாவது முறை கல்யாணம் செய்துவைத்தது.

சரி, சரி. மேடையோடு நின்றுவிட்டது.

"கண்ணுல போட்டுட்டேளே மாமா!" என்று மணப்பெண் சிரித்தாள்.

ஆனால் என் கை காதைத் தாண்டி உயர்ந்தது, அது மட்டும் சத்தியம். சந்தேகப்படுபவர்கள் அவள் கண்ணைக் கேட்டுக்கொள்ளலாம்.