அம்மா படித்த பிரெஞ்சுப் புத்தகம்

என் அம்மா மீன் விற்றுக்கொண்டே நாவல் படித்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, படிப்பு நிற்கவில்லை. மார்க்கெட்டில் பதினோரு மணிக்குமேல் கூட்டம் கலைந்ததும், மிச்சமிருக்கும் சங்கரா மீன்மேல் ஐஸைத் தள்ளிவிட்டு மாத நாவலைப் பிரித்துவிடுவாள். ஒரு கை ஈ ஓட்டும், இன்னொரு கை பக்கம் திருப்பும். வாடகை நூலகத்துக்காரர் அவள் திருப்பித் தருகிற புத்தகங்களை மற்றவற்றோடு சேர்க்கமாட்டார். கவிச்சி அடிக்கிறது என்று கீழ்த்தட்டில் தனியாக ஒரு வரிசை வைத்துவிட்டார். அம்மா சண்டைக்குப் போகவில்லை. மார்க்கெட்டில் படிக்கிற பழக்கமுள்ள மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வரிசையைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டாள். நாலைந்து பேர் அதே புத்தகங்களைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்கள். சில பக்கங்களில் செதில்கூட ஒட்டியிருக்கும்.

நான் வேறு கட்சி. எனக்கு மூளை, கடல், நட்சத்திரம், நுண்ணுயிர் என்று அறிவியல் வேண்டும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டு, கருவடிக்குப்பத்து வீட்டுக்கு வந்து மறுபடியும் அதைப் பற்றியே படிக்கிறவளை என்னவென்று சொல்வது? "உன் நாவல்ல மழ பெய்ஞ்சா போதும், எவளாவது அழுதுடுவா" என்று அம்மாவைச் சீண்டுவேன். "உன் புக்குல அழறதுக்கு ஆளே இல்லியேடி" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், அம்மா செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, வேற பாஷ பேப்பரப் போட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள். எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பேப்பர்தான்.

மூளையின் பின்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். பேச்சு நன்றாக இருந்தது, நடை நன்றாக இருந்தது. வலது ஓரத்தில் பார்வை கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எழுத்து மட்டும் போய்விட்டது. அதிலும் ஒரு விசித்திரம்: படிக்கத்தான் முடியவில்லை, எழுத முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மீன் பெயர்களை எழுதச் சொன்னேன். நெத்திலி, வஞ்சிரம், காரப்பொடி என்று மணிமணியாக எழுதினாள். ஐந்து நிமிடம் கழித்து அதே தாளை நீட்டி, இது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "யாரு எழுதினது?" என்றாள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் பயந்தேன். அப்புறம் எனக்குள் ஒரு உற்சாகம் கிளம்பிவிட்டது. கிடைத்த மூளைப் புத்தகங்களையெல்லாம் வாங்கிக் குவித்தேன். படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே இடம் கிடையாதாம். முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதிக்குப் பக்கத்தில், சிறுவயதில் எழுத்துப் பழகும்போது நாமாக ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறோமாம். அந்தத் துண்டுக்குப் போகும் வழி அடைபட்டால் கை எழுதும், கண் படிக்காது. என்ன அதிசயம்! அந்த அதிசயம் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

அட்டைகள் வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து எழுதினேன். காலையில் பத்து, வேலை முடிந்து வந்ததும் பத்து. எத்தனை சரி, எத்தனை தப்பு என்று நோட்டில் குறித்தேன். மூன்றாவது வாரம் அம்மா எல்லா அட்டைகளையும் அள்ளி, மீன் கழுவிய தண்ணீரில் போட்டாள்.

"நான் இன்னா உன் லேபுக்கு வர்ற ரத்தமா? டெஸ்ட்டு பண்ணிக்கினே இருக்க!"

சரி, நாமே படித்துக் காட்டுவோம் என்று அவளுடைய நாவல் ஒன்றை எடுத்தேன். அதுவும் தேறவில்லை. வர்ணனை வந்தால் தாவுவேன், கதாநாயகன் வசனம் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். "நீ படிச்சா ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரி இருக்குது, வுடு" என்றாள். அதற்குப் பிறகு நான் படித்து அவள் கேட்கவே இல்லை. ஒருநாள் தன் நாவல்களை இரண்டு பையில் கட்டி வாசலில் வைத்து, "யாருக்குனா குடுத்துடு" என்றாள். இனி தான் படிக்கிறவள் இல்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மீன் வியாபாரத்தை விட்டபோதுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பைகளை என் அலமாரிக்கு மேலே ஒளித்துவைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் எடைக்குப் போட்ட பிரெஞ்சுப் புத்தகங்கள் பிளாட்பாரத்தில் கிடக்கும். அவற்றில் யாராவது தன் வாழ்க்கையைத் தானே படம் படமாக வரைந்த புத்தகம் கிடைத்தால் விடமாட்டேன். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. இந்த ஊரில் பிறந்து, பிரெஞ்சிலும் எழுதிய தெருப் பலகைகளுக்குக் கீழே நாற்பது வருடம் நடந்திருக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. எங்கள் தெருவிலேயே பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிற, பிரெஞ்சு தெரிந்த வீடு ஒன்று உண்டு, ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. படம் போதும் என்கிற திமிர்.

அப்படி வாங்கியதில் ஒன்று எனக்கு உயிர். ஒரு சிறுமி, அம்மா, தம்பி, ரேடியோ ரிப்பேர் செய்கிற அப்பா. சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டுகள். புத்தகத்தின் நடுவில் மூன்று தட்டுகள். அப்பா செத்துவிட்டார். அப்புறம் அவள் வளர்கிறாள். ஐந்து முறை பார்த்திருக்கிறேன், வேலை செய்யுமிடத்தில் டீ குடிக்கும்போது அந்தக் கதையைச் சொல்லி இரண்டு பேரை அழவைத்தும் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா சிரிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் மடியில் அந்தப் புத்தகம்.

"இதுல இன்னா எழுதியிருக்குது?" என்றாள்.

"தெரியாதும்மா. அது பிரெஞ்சு."

"உனக்குமா தெரியாது?"

"ஒண்ணும் புரியாது. படத்தப் பாத்துக்கினே போறதுதான்."

இரண்டு வருடமாகக் காணாமல்போயிருந்த ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இறால் கையோடு உட்கார்ந்தேன். வேகமாகத் திருப்புவாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் நின்றாள். வலது ஓரம் மங்கல் என்பதால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று தட்டு வந்தபோது, நான் பொறுமையில்லாமல், "இங்கதான் அந்த அப்பா செத்துட்டாரு" என்றேன்.

"எங்க செத்தான்?"

"தட்டப் பாரு, மூணுதான் இருக்கு."

"நீ கொடியப் பாரு." ஜன்னலுக்கு வெளியே நகம் அளவுக்குத் துணிக்கொடி ஒன்று வரைந்திருந்தது. "அவன் சட்ட தொங்குது. முன்னாடி பக்கத்துலயும் தொங்கிச்சு. செத்தவன் சட்டைய எவளாவது தொவச்சிக்கினே இருப்பாளா?"

முன்னும் பின்னுமாகத் திருப்பினேன். ஆறு இடத்தில் இருந்தது, அதே கட்டம்போட்ட சட்டை. ஐந்து முறை பார்த்த என் கண்ணில் ஒருமுறைகூடப் படவில்லை.

"அப்ப அவரு எங்க?" என்றேன். "அந்தம்மா கறுப்பு கவுன்தான போட்டிருக்கா?"

"மொதல் பக்கத்துலயிருந்தே கறுப்புதான்டி போட்டிருக்கா. ஆளு வூட்லதான் இருக்கான். இந்தப் பொண்ணு அவங்கூட பேசறதில்ல. பேசாதவன எதுக்கு வரையணும்?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு வாசிப்பு எந்த விமர்சகருக்கு வரும்? இது சரியா தப்பா என்று உடனே தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. கடைசிப் பக்கத்தில், மூடிய கதவு ஒன்றின் படத்துக்குக் கீழே நீளமாக எழுதியிருந்தது. பதில் அதில்தான் இருக்கும். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். கேமராவைக் காட்டினால் தமிழில் சொல்லிவிடும், ஒரு நிமிட வேலை.

அம்மா உள்ளங்கையை விரித்து அந்தப் பக்கத்தை மூடினாள்.

"போன வை."

"ஒரே நிமிஷம்மா. செத்தாரா இல்லியான்னு இதுலயே போட்டிருக்கும்."

"நீ அதப் படிச்சிட்டா, நான் மறுபடியும் கேக்கறவளா ஆயிடுவேன்."

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. அட்டைகளை வீசிய நாளின் கோபம்கூட அதில் இல்லை. இரண்டு வருடம் அவள் மூளையைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன், இந்த ஒரு வரி எதிலும் இல்லை. போனை அணைத்துத் தள்ளி வைத்தேன்.

அந்த அப்பா செத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உயிரோடுதான் இருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள். புத்தகத்தைப் படித்தவள் அவள்.