மேடைக்குப் போகாத திரை

காஞ்சன்பாக் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுவிழா மேடையின் பின்திரையைத் துணியில் வரைவது எப்போதும் என் வேலை. ஓய்வு பெறும் வருடம், எங்கள் ஊர்ப் பாறைகளை ஆசை ஆசையாக வரைந்தேன். உடன் வேலை பார்த்த சரளா தினமும் என் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

விழாவன்று மேடையில் பளபளவென்று ஃப்ளெக்ஸ் தொங்கியது. ஏதோ ஒரு பனிமலை. என் திரை சுருட்டியபடி சைக்கிள் ஷெட்டில் கிடந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா சரளா?"

"போன வாரமே ஆர்டர் கொடுத்தாச்சுக்கா. நான்தான் கடைக்குப் போனேன். ஃபேர்வெல் நேரத்துல சண்டை நக்கோ, வேண்டாம்னுதான் சொல்லலை." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃப்ளெக்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தத் திரை மேடைக்குப் போகாது என்று தெரிந்துகொண்டே, முந்தின நாள்கூட, "அந்தப் பாறைக்கு இன்னும் கொஞ்சம் நிழல் குடுங்கக்கா" என்றாளே!

திரையை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பல மாதம் கழித்து அதன் பின்பக்கத்தில் வரைந்தேன். பள்ளிக்காக இல்லாமல், எனக்கென்று நான் வரைந்த முதல் படம் அது. திருப்பிக்கொண்ட சரளாவின் முகம்.

நிழல் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன்.