நைட்டிக்கு எதிராக நான் வென்ற பட்டிமன்றம்

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ரோஸ்மேரி அம்மையார், சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, புத்தம்புதிய அலமாரி ஒன்றை வாங்கிவந்து தோட்டத்தில் நிறுத்தி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழையதாக்கினார். விளிம்புகளில் வண்ணம் உரிந்து மரம் தெரியும்வரை தேய்த்தார். பிறகு இரும்புச் சங்கிலி ஒன்றை எடுத்துவந்து, கதவின் மூலையில் நான்கு அடி அடித்தார். பள்ளங்கள் விழுந்தன. சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "எப்படி இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். ஆத்திரத்தில் அடித்துவிட்டு இப்போது வருந்துகிறார் போலும் என்று கருதி, "கவலைப்படாதீர்கள், இன்னும் புதிதாகத்தான் தெரிகிறது" என்று ஆறுதல் சொன்னேன். அம்மையாரின் முகம் வாடியது. சங்கிலியை மறுபடி கையில் எடுத்தார்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், மனிதரைவிட ஆடுகள் மிகுந்த ஒரு சிற்றூரில், முதியோர் இல்லமொன்றில் செவிலியாக நான் பணியாற்றுகிறேன். அம்மையாரின் வீட்டு மாடியறை என் இருப்பிடம். அந்த வீட்டில் ரோஜா பூக்காத இடம் இல்லை. திரைச்சீலையில் ரோஜா, தலையணையில் ரோஜா, தட்டில் ரோஜா, குளியலறைக் குப்பைக்கூடையிலும் ரோஜா. தேநீர்க் கெண்டிக்குப் பஞ்சு வைத்துத் தைத்த பூப்போட்ட சட்டை ஒன்று உண்டு. சூடு ஆறாமல் காப்பதற்காம். அந்த வீட்டில் பூத்துணி உடுத்தாத ஜீவன் பூனை மட்டுமே. இந்த அலங்காரத்துக்கு 'ஷேபி ஷிக்' என்று பெயர். நைந்துபோனதன் நளினம் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். திரைச்சீலைத் துணியைத் தடவிக்காட்டி, "இது அசல் சின்ட்ஸ்" என்று அம்மையார் பெருமிதம் கொண்டார். நம் சந்தைகளில் கஜம் கஜமாகக் கிழித்து விற்ற அதே சீட்டித் துணிதான். கப்பலேறிப் போய்ப் பெரிய மனுஷியாகிவிட்டிருந்தது.

கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் படத்தை ஒருநாள் அவருக்குக் காட்டினேன். கிளிப்பச்சைச் சுவர், ஊதா நிறத்தில் ஓரம், வெயில் பட்டால் கண் கூசும் எவர்சில்வர் கைப்பிடி, வாசல் வரைக்கும் வழுவழுப்பான டைல்ஸ். நாலு வருடம் மிளகும் பலாவும் விற்று என் பெற்றோர் எழுப்பிய வீடு அது. அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மிகவும்... உற்சாகமாக இருக்கிறது" என்றார். அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டார். "மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. இடித்துவிட்டோம்" என்று வெற்றி அறிவிக்கும் குரலில் சொன்னேன். அவர் நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, எவ்வளவு வருத்தமான செய்தி!" என்றார். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் இடித்தோம்" என்று நான் அவரைத் தேற்றினேன். அந்த உரையாடல் அத்துடன் முடிந்தது. அன்று முழுவதும் அவர் என்னிடம் மிகுந்த கனிவோடு நடந்துகொண்டார்.

ஆகஸ்டு மாதத்தில் தம் தோட்டத்தில் ஒரு 'வின்டேஜ் டீ பார்ட்டி' ஏற்பாடு செய்தார். வருகின்ற பெண்கள் எல்லோரும் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்திய பாணியில் பூப்போட்ட கவுன் அணிந்து வர வேண்டும் என்பது விதி. என்னிடம் அப்படி ஒன்று இல்லாததால், காலமான தம் அத்தையின் கவுனை அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். 'டீ டிரெஸ்' என்று அதற்குப் பெயர். அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்றேன். வெளிர் மஞ்சளில் சிவப்பு ரோஜாக்கள், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு, அரைக்கை, கணுக்கால்வரை நீண்ட தொங்கல். அன்பார்ந்த வாசகர்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கண்ணாடியில் நின்றது நைட்டி.

நம் ஊரில் விடியற்காலையில் பால் வாங்குவது முதல் மாலையில் துணி மடிப்பது வரை பகல் பொழுதின் அத்தனை வேலைகளையும் செய்துமுடிப்பது, இரவின் பெயரைத் தாங்கிய அந்த உடைதான். எங்கள் மலைக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் ஏறிவந்தது. அம்மா முதல் நைட்டியைச் சந்தையில் வாங்கியபோது நான் ஏழாம் வகுப்பு. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் உயரமாக ஏறியிருக்கும். கணுக்களைப் படியாக விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து, அதில் ஏறித்தான் மிளகு பறிக்க வேண்டும். சேலையோடு ஏறுவதற்கு மூன்று கைகள் தேவை. ஒன்று மூங்கிலுக்கு, ஒன்று மிளகுக்கு, ஒன்று கொசுவத்துக்கு. நைட்டி வந்த பிறகு அம்மா அதை முழங்கால்வரை தூக்கிச் செருகி, மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளோடு நிம்மதியாக ஏறினார். பக்கத்துக் கடைக்குப் போவதென்றால் மட்டும் தோளில் ஒரு துண்டு விழும். நைட்டியின் மீது துண்டு விழுந்துவிட்டால் அது வெளியுடை ஆகிவிடும் என்பது தமிழகம் முழுவதும் எழுதாமலே நடைமுறையில் இருக்கும் சட்டம்.

அந்தச் சட்டம் என் உடம்பில் ஊறியிருந்தது. ஆகவே வெறும் நைட்டியோடு முப்பது பேர் கூடியிருக்கும் தோட்டத்தில் இறங்க என் கால்கள் மறுத்தன. குளியலறையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அம்மையாரின் தோழி ஒருவர் ஆவலோடு வந்து, "இது உங்கள் மலையின் மரபுவழிச் சால்வையா?" என்றார். பொய் சொல்லவும் மனமில்லை, உண்மையை விளக்கவும் ஆங்கிலம் போதவில்லை. "துண்டு" என்றேன். "தூண்டூ" என்று அவர் மூன்றுமுறை சொல்லிப் பழகினார். சற்று நேரத்தில், என் மரபுக்கு மரியாதை செய்யும் நோக்கத்தில், அவர் சமையலறையிலிருந்து பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றை எடுத்துவந்து தம் தோளிலும் போட்டுக்கொண்டார். இருவரையும் நிற்கவைத்து யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

மறுநாள் காலை அம்மா அழைத்தார். மலையில் அப்போது மதியம். பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தையும் உடன் இருந்தார்.

"ஏங்கண்ணு, வெள்ளக்காரங்க ஊட்டு விசேசத்துக்கு நைட்டியிலயா போன?"

"அது நைட்டி இல்லம்மா. டீ டிரெஸ்."

"டீக்குன்னு ஒரு டிரெஸ்ஸா? அப்பக் காப்பிக்கு?"

பின்னாலிருந்து ராசாத்தி அத்தையின் குரல் வந்தது. "நல்லாக் கேளுக்கா. நைட்டி இல்லீன்னா மேல துண்டு எதுக்காம்? அந்த வெள்ளக்காரம்மா பாரு, கரித்துணியத் தோள்ல போட்டுட்டு நிக்குது. பாவம், அதுக்கு நல்ல துண்டு ஒண்ணு வாங்கிக் குடுக்க ஆளில்லையாட்ட இருக்குது."

"அம்மா, இது அந்தக் காலத்து ஃபேஷன்..."

"பூப்போட்டுக் கழுத்துல சுருக்கு வெச்சுக் கணுக்கால் மட்டும் தொங்குனா அது என்னன்னு எனக்குத் தெரியாதா சாமி? நானே மூணு வெச்சிருந்தவதான்."

வெச்சிருந்தவ. எதுகை மோனைக்குச் செவியைப் பழக்கியவள் நான். அந்த இறந்தகாலம் என் செவிக்குத் தப்பவில்லை. "இப்ப இல்லையா?" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே கிழிச்சுப் போட்டாச்சு. நீ நாமக்கல்லுல கப்பு வாங்குனியே, அந்த வாரமே."

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது அது. மாவட்ட அளவிலான பட்டிமன்றம். பெண்களின் உடைமாற்றம் வளர்ச்சியா, வீழ்ச்சியா என்பது தலைப்பு. எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் போட்டிக்கு ஒருமணி நேரத்துக்கு முன்பு சீட்டுக் குலுக்கித்தான் தருவார்கள். எனக்கு விழுந்த சீட்டில் வீழ்ச்சி என்று இருந்தது. மலைப்பாதையின் வளைவுகளுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே பஸ்ஸில் இறங்கிவந்த அம்மா, பட்டுச்சேலையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். என் உரையின் உச்சத்தில் நான் கையை உயர்த்தி, "நடுவர் அவர்களே! நண்பகலில் இரவாடை அணிந்து நடமாடும் தாய்மார்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டதா, அல்லது உங்கள் நாணம் நின்றுவிட்டதா?" என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் ஓய்வதற்காக நான் நிறுத்திய இடைவெளியின் அளவு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மூன்றாம் வரிசையில் அம்மாவும் கைதட்டிக்கொண்டிருந்தார். அதற்குமேல் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை; பேச்சாளர் பார்வையைக் கடைசி வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது நான் பெற்ற பயிற்சி.

"அப்ப மிளகு ஏணியில எதைக் கட்டிட்டு ஏறுற?" என்றேன்.

"சேலதான். போன வருசம் கொசுவம் கணுவுல மாட்டி ரண்டு படி சறுக்கிட்டேன். ஒண்ணுமில்ல, மொழங்கால்ல கொஞ்சம் தோல் போச்சு."

"என்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா?"

"சொன்னா நீ அதுக்கும் எந்திரிச்சு ஒரு பேச்சுப் பேசுவ."

ராசாத்தி அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்தில் மறுபடியும் மிளகு பழுக்கும். ஐம்பத்து மூன்று வயதில், என் ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு, அம்மா மறுபடியும் ஆறுகஜத் துணியோடு அந்த மூங்கிலில் ஏறுவார். கேட்பவர் மனத்தை மாற்றுவதே பேச்சுக்கலையின் பயன் என்று எனக்குக் கற்பித்தார்கள். அன்று அந்த அரங்கில் மனம் மாறியவர் ஒருவர்தான் என்பதை இத்தனை வருடம் கழித்து அறிந்தேன்.

"அம்மா, அது நான் நினைச்சதே இல்லை. சீட்டுல விழுந்த பக்கம். எது விழுந்தாலும் அதைத்தான் பேசணும்."

சீட்டு என்ற ஏற்பாடு ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகள் மனத்தில் இருப்பதைத்தான் மேடையில் சொன்னாள் என்று அவர் நம்பியிருந்தார்.

"அப்ப, வளர்ச்சின்னு விழுந்திருந்தா?"

"அதைப் பேசியிருப்பேன்."

"கப்பு?"

"அப்பவும் எனக்குத்தான்" என்றேன். பெருமை அந்த நிலையிலும் என்னைக் கைவிடவில்லை.

"அப்படீன்னா, உன்ற பக்கம்னு ஒண்ணு எதுதாங்கண்ணு?"

புலம்பெயர்ந்த நண்பர்களே, இந்தக் கேள்விக்கு உங்களில் யாரிடமாவது விடை இருந்தால் எனக்கு எழுதுங்கள். ரோஸ்மேரி அம்மையாரிடம் நான் காங்கிரீட்டின் தரப்பில் வாதிடுகிறேன். ஒழுகாத கூரையின் அருமையை எடுத்துரைக்கிறேன். அதே வாரத்தில் அப்பா பழைய மாட்டுக்கொட்டகையின் ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போடப்போவதாகச் சொன்னால், அந்த ஓடுகளின் அழகைப் பற்றிப் போனில் அரைமணி நேரம் பேசுகிறேன். "ஒழுகற அழகு எங்களுக்கு வேண்டாம், நீ வந்து நனைஞ்சுக்கோ" என்று அவர் வைத்துவிட்டார். இங்கே இருப்பவர்களுக்கு முன் அங்கே உள்ளவர்களின் வழக்கறிஞர். அங்கே இருப்பவர்களுக்கு முன் இங்கே உள்ளவர்களின் வழக்கறிஞர். விமானம் ஏறிய நாளில் எனக்குக் கிடைத்த சீட்டில் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது போலும்.

"சீட்டில்லாம ஒரு தடவ பேசு கண்ணு. கேக்கறேன்" என்றார் அம்மா.

பத்து வருடம் மேடை ஏறியவள் நான். முன்னுரையும் மேற்கோளும் இன்றி நான் வாய் திறந்ததில்லை. அன்று எனக்குக் கிடைத்தவை நான்கே வாக்கியங்கள். "நான் அன்னைக்குப் பேசினது தப்பும்மா. நீ நைட்டி போட்டதுல ஒரு தப்பும் இல்லை. சேலையோட அதுல ஏறாத. எனக்குப் பயமா இருக்கு." எந்த நடுவரும் மதிப்பெண் தந்திருக்க மாட்டார்.

"இவ்ளோதானா?" என்றார் அம்மா. "கைதட்ட ஆளில்லீன்னா உனக்குப் பேச்சே சுருங்கிப் போகுதே." பிறகு குரலைத் தணித்து, "சாப்பிட்டியா?" என்றார். புதிதாக மூன்று நைட்டி வாங்கி அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ஏணியில் ஏறமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மொளகு பழுக்கட்டும், பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பேசினோம். மிளகின் விலை, அப்பாவின் இருமல், புதிய தகரக் கூரையின் மீது விழும் மழைச்சத்தம். உடை பற்றி நானும் கேட்கவில்லை. கேட்டால் அது பேச்சாகிவிடும் என்ற அச்சம்.

தை முடிந்து மாசியும் வந்தது. சென்ற ஞாயிறு மாலை, அம்மையாரின் தோழிகளுக்காக நான் மேசையில் கோப்பைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். தம் அத்தையின் கவுனை அம்மையார் எனக்கே கொடுத்துவிட்டார்; குளிருக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டு அதைத்தான் அணிந்திருந்தேன். அலைபேசியில் ராசாத்தி அத்தை ஒரு படம் அனுப்பியிருந்தார். சில்வர் ஓக் மரத்தில் பத்தடி உயரத்தில் அம்மா, இடுப்பில் சாக்குப்பை, இரண்டு கைகளும் மிளகுக்கொடியில். சேலையும் இல்லை, நைட்டியும் இல்லை. நான் கல்லூரிக்கு அணிந்துபோன கருநீலச் சுடிதாரும் பேன்ட்டும், மேலே அப்பாவின் சட்டை. நான் பீரோவில் விட்டுவந்ததை அம்மா தானாகவே எடுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பட்டிமன்றத்தில் வளர்ச்சி என்றும் வீழ்ச்சி என்றும் இரண்டு மணி நேரம் முழங்கிய எங்களில் ஒருவருக்கும் தோன்றாத பக்கம் அது.

தோழி ஒருவர் எட்டிப் பார்த்து, "மரத்தில் இருப்பது நீங்களா?" என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அந்தச் சுடிதார் தோளில் இறுக்கமாக இருந்தது. தையலில் ஓரிடம் விட்டிருந்தது. எனக்கு இந்தக் கவுன் இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது. ஊசி குத்தித்தான் நிறுத்தியிருக்கிறேன். "இல்லை, உடை மட்டும் என்னுடையது" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த கோப்பைகளை மேசையில் வைத்தேன்.