பூங்கொத்தியைத் திட்டுகிறவர்

கல்வராயன் மலை அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்தவர் அவர். தோளில் ஈரத்துண்டு, கையில் எப்போதும் தொரட்டி. மாமரங்களை உறிஞ்சும் புல்லுருவியை வெட்டிக்கொண்டே, அதன் விதையைக் கிளைக்குக் கிளை ஒட்டிவைக்கும் கட்டைவிரல் அளவுப் பூங்கொத்திக் குருவியை வாய் ஓயாமல் திட்டுவார்.

புல்லுருவி அடர்ந்த ஒரு கிளையை மட்டும் விட்டிருந்தார். அதில் சுருக்குப்பை போல ஒரு கூடு தொங்கியது.

“இத்த வெட்டலீங்களா?” என்றேன்.

“வூடு கட்டிக்கினு குஞ்சு வெச்சிருக்குதுங்க. பறந்ததும் வெட்டிடுவேன்.”

மறு வருடம் போனபோது பக்கத்து மரங்களுக்கும் புல்லுருவி பரவியிருந்தது. அந்தக் கிளை அப்படியே இருந்தது.

“காய்ப்பு கம்மிங்க, இத்தாலதான்” என்றார்.

“குஞ்சுங்க இன்னும் பறக்கலையா?”

“அது அப்பவே பறந்துடுச்சுங்க. தாய் திரும்பி வந்தா வூட்டத் தேடுமில்ல? சனியன்!”

அந்த வசவை மட்டும் அவர் மெதுவாகத்தான் சொன்னார்.