பிரஸ் கதவின் சுவிட்ச்

ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் நடுவே இருக்கிற அந்தத் தொழிற்சாலையில் தென்னை நார்த்தூளை அழுத்திக் கட்டிகளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தூள் பெல்ட்டில் வந்து விழுவது, பிரஸ் இறங்கி அழுத்துவது, கட்டி வெளியே வருவது எல்லாம் தானாகவே நடக்கும். அங்கே பகல் ஷிப்டில் மின்பராமரிப்பு பவுசியாவின் பொறுப்பு. கணவர் தௌஹீத் சார்ஜாவில் இருக்கிறார். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். மோட்டார், சென்சார், பேனல் என்று பேர்தான், பாதி நேரம் தூள் துடைக்கிற வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பிரஸ் நின்றுவிட்டது. கதவு திறந்திருக்கும்போது ஓடக்கூடாது என்பதற்காக அதில் ஒரு சுவிட்ச் உண்டு. ஈரத்தூள் புகுந்து அது செத்துப்போயிருந்தது. கதவை எப்படி மூடினாலும் இயந்திரம் அசையவில்லை. ஸ்டோரில் மாற்றுச் சுவிட்சும் இல்லை.

வாசலில் கன்டெய்னர் லாரி காத்து நின்றது. சூப்பர்வைசர் ரெங்கராஜ் அதட்டுகிற ஆள் இல்லை, கெஞ்சினார்.

"சுவிட்சுக்குப் போற ரெண்டு வயரையும் சேத்து விட்டுருங்கம்மா. இன்னிக்கு மட்டும் ஓடட்டும்."

பிரஸ்ஸை ஓட்டுகிற வெள்ளைச்சாமியும் அவர் பக்கம்தான். "அங்கிட்டு நிக்கப் போறது நான்தானே. என் கைய நான் பாத்துக்க மாட்டேனா தங்கச்சி?"

வயரைச் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. சேர்த்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் பிரஸ் ஓடும். வெள்ளைச்சாமி கவனமான மனிதர்தான். ஆனால் ஒட்டிய தூளைத் தட்டிவிடக் கதவைத் திறப்பது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. திறக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. தூள் நிறைந்தது என்று சென்சார் சொன்னால் பிரஸ் இறங்கிவிடும். உள்ளே கை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மறுத்தால் பயந்தாங்கொள்ளிப் பொம்பளை என்று பேசுவார்கள் என்பதையும் பவுசியா நினைத்துப் பார்த்தாள்.

"நான் செய்ய மாட்டேன் சார். புதுக்கோட்டை போயி வாங்கிட்டு வாரேன்."

பிரஸ் இறங்காதபடி முட்டுக்கம்பியைச் சொருகினாள். மெயினை அணைத்து, வேறு யாரும் போட முடியாதபடி அதில் தன் பூட்டைப் போட்டாள். சாவி அவள் கைப்பைக்குள் போனது. ரெங்கராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கடைகடையாக ஏறி இறங்கியும் அதே சுவிட்ச் கிடைக்கவில்லை. வேறு கம்பெனியுடையது ஒன்று கிடைத்தது; திருகுத் துளைகள்தான் பொருந்தாது. திரும்புகிற வழியெல்லாம் மனசு அரித்தது. பூட்டை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அறுத்து ஓட்டிக்கொண்டிருந்தால் போய்ச் சண்டை போடுவதா, பேசாமல் இருந்துவிடுவதா? அவளுக்கே தெரியவில்லை.

தொழிற்சாலைக்குள் சத்தமே இல்லை. பிரஸ் கதவு திறந்து கிடந்தது. வெள்ளைச்சாமியின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இடுப்புவரை உள்ளே நுழைந்து, இறுகிப்போன தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பவுசியா ஓடிப்போய் மெயினைப் பார்த்தாள்; பூட்டு அப்படியே இருந்தது.

கூப்பிட்டதும் மெல்ல வெளியே வந்தார். தலையெல்லாம் தூள்.

"சும்மா ஒக்காந்திருக்கிறதுக்கு இதையாச்சும் செய்வோமேன்னுதான்."

"உள்ள போறதுக்கு முந்தி மெயினப் பாத்தீங்களாண்ணே?"

"பாக்க என்ன இருக்கு? சாவி ஒங்ககிட்டல்ல இருக்கு."

பவுசியா தகரப் பட்டையை வளைத்து, புதுத் துளை போட்டுச் சுவிட்சைப் பொருத்தினாள். வெள்ளைச்சாமி டார்ச் பிடித்தார். பூட்டையும் முட்டுக்கம்பியையும் எடுத்துவிட்டு, பிரஸ் ஓடுகிறபோது கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பிரஸ் அப்படியே நின்றது. ஓரமாக நின்று பார்த்த ரெங்கராஜ், ஓட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லாரி மறுநாள்தான் கிளம்பியது. மேலிடத்தில் அவருக்கு நல்ல திட்டு விழுந்தது என்றார்கள். சில நாள் அவர் பவுசியாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

புதுச் சுவிட்ச் கொஞ்சம் இறுக்கம். கதவை அறைந்து சாத்த வேண்டியிருக்கிறது என்று வெள்ளைச்சாமி தினமும் குறைப்படுகிறார். அந்தச் சத்தம் பவுசியா இருக்கிற பேனல் அறைவரைக்கும் கேட்கும்; கேட்டால் கதவு மூடியாயிற்று என்று அர்த்தம். பட்டையைச் சற்று நிமிர்த்தினால் சரியாகிவிடும். பவுசியா இன்னும் நிமிர்த்தவில்லை.